ஊசி ஏறினால் லொறியை நிறுத்துவோம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேயிலை மூட்டைகளோடு கொழும்புக்கு இறங்கும் லொறி, உர மூட்டைகளோடு திரும்பி ஏறுகிறது. சித்திரையில் வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கித்துல்கல தாண்டிக் கினிகத்தேனை ஏற்றத்தில் பாரத்தோடு சின்னக் கியரில் ஏறும்போது, என்ஜின் முழு மூச்சாக உழைக்கிறது. லொறி மெதுவாகத்தான் நகர்கிறது. ரேடியேட்டருக்குக் காற்றுப் போதாது. கொதிப்பது அங்கேதான்.

போன சித்திரையில் நமது கிளீனர் தம்பி ஒருவர், கொதித்த ரேடியேட்டரின் மூடியைத் துணி சுற்றித் திறந்தார். சீறி வந்த தண்ணீர் கழுத்தையும் கையையும் அவித்துவிட்டது. அன்று ஆபிசில் முதலில் கேட்ட கேள்வி, "ஏன் சுணக்கம்?" என்பதுதான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறோம். நுவரெலியா உயரத்தில் திறந்த பானைத் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், உள்ளே 100 பாகையைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் அந்த நொடியே பொங்கிப் பீறிடும். மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால், குளிர் ஊரிலும் லொறி சீக்கிரம் கொதிக்கும்.

ஆகவே காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். தண்ணீர் மட்டம் சரியா? ஹோஸ் வெடித்திருக்கிறதா? பேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா? ரேடியேட்டர் இடுக்குகளில் தூசியும் கொழுந்துத் தூளும் அடைத்திருக்கின்றனவா? எப்போதும் பீலித் தண்ணீரையே ஊற்றினால் உள்ளே துருப் பிடிக்கும். கூலன்ட் கலந்து ஊற்ற வேண்டும். அதை வாங்கித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.

வழியில் ஊசி ஏறினால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆவி வந்தால் உடனே என்ஜினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். மூடியில் கை வைக்கும் அளவுக்குச் சூடு தணியும்வரை திறக்கவே வேண்டாம். கொதிக்கும் என்ஜினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.

நமது கோரிக்கை மூன்று. பழுதை எழுத லொறிக்கு ஒரு புத்தகம் வேண்டும். எழுதிய பழுதைத் திருத்தாமல் லொறியை அனுப்பக் கூடாது. ஆறவிட்ட நேரத்துக்குச் சம்பளம் வெட்டக் கூடாது.

வேலையில் காயம்பட்டால் நட்டஈடு பெற 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தாலும் நட்டஈடு தானாக வீடு தேடி வராது. அன்றைக்கே தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதிந்து, தலைவரிடம் அறிவியுங்கள்.

தாய்மார்களே, லொறிக்குப் போகும் பிள்ளையிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு, "தண்ணீர் பார்த்தாயா?" என்றும் கேளுங்கள். உர மூட்டை ஒரு மணி நேரம் பிந்தி வரலாம். நம் பிள்ளை முழுசாக வீடு வரவேண்டும்.