கார் கொட்டகை மாடியில் ஒரு பறக்கும் குதிரை



ஒரு மந்திரவாதி பறக்கும் குதிரை ஒன்றைச் செய்து, கலீஃபாவின் பிறந்தநாளன்று அரண்மனைக்குக் கொண்டுவருகிறான். இளவரசன் அகமது அதன்மேல் ஏறி உட்கார்ந்து விசையைத் தள்ளுகிறான். குதிரை ஜிவ்வென்று மேலே போகிறது. மேகம் போய், நட்சத்திரம் வந்து, இன்னும் மேலே. இறங்குவதற்கு எந்த விசை? அதைத்தான் மந்திரவாதி சொல்லவே இல்லையே!

‘இளவரசன் அகமதுவின் சாகசங்கள்’ என்ற ஜெர்மன் படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆயிரத்தொரு இரவுக் கதைகளிலிருந்து எடுத்துக் கோத்த கதை. 1926-இல் வெளிவந்தது. இன்றைக்கு நமக்கு மிஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களிலேயே பழையது இதுதான். இதற்கு முன்பே 1917-இல் அர்ஜென்டினாவில் ஒன்று எடுத்திருக்கிறார்கள். அதன் பிரதி ஒன்றுகூடத் தப்பவில்லை. வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வந்தது 1937-இல். அதற்குப் பதினோரு வருஷம் மூத்தது இந்த அகமது.

படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணியின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நியாயம்தான், படம் அவருடையது. ஆனால் அவருடைய படப்பிடிப்பு மேஜையைச் சுற்றி இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அந்தக் கதையே பிடிக்கவில்லை. அதனால்தான் படம் இவ்வளவு நன்றாக வந்தது என்பது என் கட்சி.

முதலில் காசு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1923-ஆம் வருஷம் ஜெர்மனியில் பணத்துக்கு மதிப்பே இல்லை. காலையில் ரொட்டி வாங்கிய நோட்டுக்கு மாலையில் ஒன்றும் கிடைக்காது. கையில் பணம் இருந்தவர்கள் அதை ஏதாவது பொருளாக மாற்றிவைக்கத் துடித்தார்கள். லூயிஸ் ஹாகன் என்ற வங்கிக்காரர், யாருக்கும் தோன்றாத விதமாக, கச்சா பிலிம் சுருளை வாங்கிக் குவித்துவிட்டார். பிலிமை அடுக்கிவைத்து என்ன செய்வது? அப்போது ரைனிகருக்கு இருபத்து நான்கு வயது. நிழலுருவங்களை வைத்துச் சின்னச் சின்னப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஏன் ஒரு முழுநீளப் படம் எடுக்கக் கூடாது என்று ஹாகன் அவரிடம் கேட்டார். அனிமேஷன் என்றாலே பத்து நிமிஷம், அதுவும் ஜனங்களைச் சிரிக்கவைப்பதற்கு என்றிருந்த காலம். ரைனிகர் தயங்கினார். பிறகு சரி என்றார்.

போட்ஸ்டாம் நகரில் ஹாகனின் வீடு. அங்கே கார் கொட்டகைக்கு மேலே ஒரு மாடி அறை. அதுதான் ஸ்டூடியோ. கூரை தாழ்வு. கேமராவை மேலே தொங்கவிட்டு, கீழே படுக்கைவசமாக ஒரு கண்ணாடி மேஜை, அதற்கும் அடியில் விளக்கு. கேமராவுக்கும் மேஜைக்கும் நடுவே போதிய உயரம் வேண்டுமே, அதனால் மேஜையைத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட்டார்கள். பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய சீட்டின்மேல் முழங்காலிட்டுத்தான் ரைனிகர் வேலை பார்த்தார். அப்படியே மூன்று வருஷம்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். கறுப்பு அட்டையிலும், தட்டையாக்கிய மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களை வெட்டுவது. தலை, கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று தனித்தனித் துண்டுகள். அவற்றை மெல்லிய கம்பியால் கீல் மாதிரி கோத்துவிட்டால் உருவம் தயார். அதைக் கண்ணாடியில் கிடத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். கையை ஒரு நூலிழை நகர்த்தி இன்னொரு படம். பிறகு இன்னொரு நூலிழை. நொடிக்குப் பதினெட்டுப் படம் என்றே வையுங்கள். 65 நிமிஷப் படத்துக்கு எழுபதாயிரம் தடவை குனிந்து நிமிர வேண்டும். எடுத்து வேண்டாமென்று ஒதுக்கியது அந்தக் கணக்கில் சேராது.

நம் ஊர் தோல்பாவையில் தோலைத் துளையிட்டு வண்ணம் தீட்டியிருப்பார்கள். விளக்கொளி அந்த வண்ணத்தின் ஊடாக நம் கண்ணுக்கு வரும். ரைனிகரின் உருவங்கள் முழுக் கறுப்பு. முகம் மாறாது. சிரிப்பு, அழுகை எதுவும் முகத்தில் தெரியாது. அப்படியிருந்தும் மந்திரவாதியின் விரல்கள் நீளுகிறபோது நமக்கு முதுகு சில்லிடுகிறது. தோகை உடையைப் பறிகொடுத்த கதாநாயகி பாரிபானு தோளைக் குறுக்குகிறபோது அவள் வெட்கம் தெரிகிறது. கத்தரிக்கோல் வெட்டிய ஓரத்திலும், உருவம் சாய்கிற கோணத்திலும் அவ்வளவையும் கொண்டுவந்துவிட்டார்.

மேலே கேமராவைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய கணவர் கார்ல் கோக். படப்பிடிப்பு மேஜையின் பொறுப்பு முழுவதும் அவரிடம். சத்தம் போடாத மனிதர். அவரைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. அவர் இல்லாமல் படம் இல்லை என்பதும் நிச்சயம்.

இப்போது அந்தக் கதை பிடிக்காதவரிடம் வருகிறேன். வால்டர் ருட்மான். வட்டங்களும் கோடுகளும் அலைகளும் மட்டுமே ஆடுகிற அரூபப் படங்கள் எடுத்தவர். அந்தக் கால பெர்லினில் புதுமைக்காரர்களுக்கெல்லாம் முன்வரிசையில் இருந்தவர். இந்தப் படத்தில் மந்திரமும் மாயமும் அவர் பொறுப்பு. இளவரசன், பறக்கும் குதிரை, அற்புத விளக்கு, இதற்கும் 1923-ஆம் வருஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் ரைனிகரிடம் கேட்டாராம். சம்பந்தம் ஒன்றுமில்லை, நான் இப்போது உயிரோடிருக்கிறேன், செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது, செய்கிறேன் என்ற மாதிரி ரைனிகர் பதில் சொல்லியிருக்கிறார்.

பிடிக்காத கதைக்கு ருட்மான் எப்படி வேலை செய்தார் தெரியுமா? படத் தொடக்கத்தில் மந்திரவாதி ஒன்றுமில்லாத இருட்டிலிருந்து குதிரையை வரவழைக்கிற இடத்தைப் பாருங்கள். வெளிச்சம் சுழல்கிறது, புகை மாதிரி குழைகிறது, உருவம் எடுக்கப் பார்த்துக் கலைகிறது. மெழுகுப் பாளத்தைச் சீவிச் சீவி ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு படம் எடுக்கிற கருவி ஒன்று அப்போது இருந்தது. ஆஸ்கார் ஃபிஷிங்கர் கண்டுபிடித்தது. அதையும் ருட்மான் பயன்படுத்தினார். ரைனிகரின் உருவங்கள் ஊசிமுனை மாதிரி துல்லியம். ருட்மானின் மாயம் ஓரமே இல்லாத குழம்பல். இரண்டும் ஒரே திரையில் மோதும்போதுதான் மந்திரம் மந்திரமாகத் தெரிகிறது. அவரும் ரைனிகரைப் போலவே கத்தரிக்கோல்காரராக இருந்திருந்தால் அந்தக் குதிரை வெறும் அட்டைக் குதிரையாக நின்றிருக்கும்.

கடலில் புயல் வருகிற காட்சி பெர்டோல்ட் பார்டோஷின் கைவேலை. கண்ணாடித் தாளை அடுக்கடுக்காக வைத்து அலை செய்தவர். பிற்பாடு பாரிஸ் போய், ஏறக்குறையத் தனியாளாகவே ‘லிதே’ என்ற படத்தை எடுத்தார்; அது 1932-இல் முடிந்தது. பொறுமைக்கு இவருக்கு மேல் ஆளில்லை.

இது மௌனப்படம். ஆனாலும் இசை உண்டு. வொல்ஃப்காங் செல்லர் எழுதியது. ஊர்வலம் வருகிற இடத்தில் இசையை முதலிலேயே எழுதி வாங்கி, அந்தத் தாளத்துக்கு உருவங்களை நடக்கவிட்டார்கள். அட்டை யானையும் அட்டைச் சேவகனும் காலம் தப்பாமல் அடி வைத்தார்கள்.

இவ்வளவும் செய்து முடித்தபின் படத்தை வாங்கித் திரையிட ஆளில்லை. 1926 மே 2-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெர்லின் ஃபோக்ஸ்ப்யூனே நாடக அரங்கில் அவர்களே போட்டுக் காட்டினார்கள். அரங்கு நிறைந்தது. ஜூலையில் பாரிஸ் போனது. அங்கே இயக்குநர் ழான் ரெனுவார் அதைப் பார்த்துச் சொக்கிப்போய், ரைனிகர் தம்பதிக்கு ஆயுள்கால நண்பரானார். பின்னாளில் அவருடைய ‘லா மார்செயேஸ்’ படத்தில் வருகிற நிழலாட்டக் காட்சி ரைனிகர் செய்து கொடுத்ததுதான்.

அதற்குப் பிறகு அந்த மாடி அறை ஆட்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். ருட்மான் பெர்லின் நகரத்தைப் பற்றி அருமையான ஒரு படம் எடுத்தார், 1927-இல். பிறகு நாஜிகளின் பிரசாரப் படங்களுக்கு வேலை செய்து 1941-இல் இறந்தார். 1923-க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட மனிதர்! ரைனிகரும் கோகும் நாஜி ஜெர்மனி வேண்டாம் என்று வெளியேறினார்கள். எந்த நாடும் நிரந்தரமாகத் தங்க இடம் தரவில்லை. விசா முடிய முடிய நாடு மாறினார்கள். போர்க்காலத்தில் தாயைப் பார்த்துக்கொள்ள பெர்லினுக்கே திரும்ப வேண்டியிருந்தது. 1949-இல்தான் லண்டனில் கால் ஊன்றினார்கள். அகமது படத்தின் ஜெர்மன் பிரதிகள் அழிந்துபோயின. லண்டன் காப்பகம் ஒன்றில் நிறம் ஏற்றிய ஒரு பழைய பிரதி கிடந்ததால், 1990-களின் கடைசியில் அதைச் செப்பனிட முடிந்தது. நாம் இன்று பார்ப்பது அதைத்தான்.

ஒருவரை விட்டுவிட்டேன். அந்த வங்கிக்காரர் ஹாகனுக்கு ஒரு பையன். அவன் பெயரும் லூயிஸ்தான். 1916-இல் பிறந்தவன், மாடியில் படம் தொடங்கும்போது ஏழு வயது. யூதக் குடும்பம். பதினெட்டு வயதாவதற்குள், தபால் அட்டையில் எழுதிய ஒரு கேலிக்காக வதைமுகாமில் அடைக்கப்பட்டான். வெளியே வந்து இங்கிலாந்துக்குத் தப்பினான். பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, 1944-இல் ஆர்ன்ஹெம் சண்டையில் கிளைடர் விமானம் ஓட்டிப் பதக்கம் வாங்கினான். போர் முடிந்து சில வருஷம் கழித்து லண்டனில் பிரிம்ரோஸ் என்ற படக் கம்பெனியில் இறங்கினார் அந்த லூயிஸ் ஹாகன். சிண்டரெல்லா, அலாவுதீன் என்று வரிசையாக ரைனிகரின் நிழல் படங்களைத் தயாரித்தது அந்தக் கம்பெனிதான்.

1970-இல் அதே கம்பெனி ரைனிகரின் வேலையைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படம் எடுத்தது. அதில் எழுபது வயதுக் கிழவி ஒருவர் மேஜை முன் உட்கார்ந்து வெட்டுகிறார். கோடு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. வலக்கையில் கத்தரிக்கோல் அசையாமல் நிற்கிறது. இடக்கைதான் காகிதத்தைத் திருப்பித் திருப்பி அதன் வாயில் கொடுத்துக்கொண்டேயிருக்கிறது. துணுக்குகள் மடியில் விழுகின்றன.