கார்வேர்: எஞ்சின் மீது விழுந்த பழி

அமெரிக்காவில் பழைய கார்கள் விற்பனைக்கு வரும் இடங்களில், பெயின்ட் மங்காத, சீட் கிழியாத, துருப் பிடிக்காத ஒரு செவர்லே கார்வேர் அவ்வப்போது தலைகாட்டும். அதே வயதுள்ள, அதே அளவு பேணிக் காத்த ஃபோர்டு மஸ்டாங்கைவிட அது பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும். ஏன் என்று கேட்டால், எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டி, ஆபத்தானது, அதைத் திட்டி ஒரு புத்தகமே வந்ததே என்பார்கள். அந்தப் பழி தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வருவது. எஞ்சினைப் பின்னால் வைத்தது குற்றமல்ல. அப்படி வைத்த பிறகு, அதற்கு அவசியமான சில டாலர் சாமானைக் கம்பெனி மிச்சம் பிடித்ததே குற்றம். இந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் விற்பனைக்கு நிற்கும் வண்டிக்குச் சரியான மதிப்புப் போட முடியும்.

1950களின் பிற்பகுதியில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற சிறிய இறக்குமதிக் கார்கள் அமெரிக்காவில் நன்றாக விற்கத் தொடங்கின. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் பதிலுக்குச் சிறிய கார் செய்யக் கிளம்பின. ஃபோர்டு ஃபால்கனும் கிறைஸ்லரின் வேலியன்ட்டும் வழக்கமான பெரிய காரைச் சுருக்கிய வடிவங்கள். மூன்றாவது கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிரிவுக்குத் தலைவராக இருந்த எட் கோல் மட்டும் வேறு வழியில் போனார். 1959 அக்டோபர் 2 அன்று வெளிவந்த கார்வேரில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது. பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும் ஆறு சிலிண்டர், காற்றால் குளிரும் அலுமினிய எஞ்சின், 80 குதிரைத்திறன். பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு வண்டிக்கு அடியில் ஓடாததால் தரை கிட்டத்தட்ட சமதளம். டிக்கி முன்னால். 'மோட்டார் டிரெண்ட்' பத்திரிகை அதை 1960ஆம் ஆண்டின் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தது. பின்மூடியைத் திறந்தால் கண்ணில் படும் ஃபேன் பெல்ட்டையே பாருங்கள். எஞ்சினின் பின்முனையில் செங்குத்தாகச் சுழலும் புல்லியிலிருந்து அது மேலே ஏறி, வழிகாட்டிப் புல்லிகளில் பக்கவாட்டில் திரும்பி, எஞ்சின் தலைமேல் படுக்கையாகச் சுழலும் ஃபேனைச் சுற்றி, மறுபடி முறுக்கிக்கொண்டு கீழே இறங்கும். பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்குக் காற்று நின்றுவிடும். அதனால் கார்வேர் வைத்திருப்பவர்கள் ஓர் உதிரி பெல்ட்டும் ஸ்பேனரும் இல்லாமல் தூரப் பயணம் கிளம்ப மாட்டார்கள். இப்படி ஒரு வண்டியைத் துணிந்து செய்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

சிக்கல் பின் ஆக்சிலில் இருந்தது. வண்டியின் எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்சக்கரங்கள்மீது இருக்கிறது. 1960 முதல் 1963 வரையிலான மாடல்களில் இருந்தது ஸ்விங் ஆக்சில். அதற்கு மூட்டு கியர்பாக்ஸ் பக்கம் மட்டும்தான். சக்கரத்தின் பக்கம் கிடையாது. ஆகவே சக்கரம் மேலும் கீழும் போகும்போது நேராக நிற்காமல் சாயும். வேகமாக ஒடித்துத் திருப்பினால் பின்பக்கம் எழும், பாரத்தைத் தாங்கும் வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும், டயரின் பிடி சட்டென்று விட்டு வால் வெளியே வீசும். முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் பார் போட்டால் இந்தக் குணம் பெரிதும் அடங்கும். அதைப் போடாமல் கம்பெனி டயர் காற்றை நம்பியது: முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26 பவுண்டு. முன்டயரில் காற்று குறைவாக இருந்தால் முன்பக்கம் முதலில் வழுக்கும். ஓட்டுபவர் அதைச் சமாளித்துவிடலாம். கணக்கு சரிதான். ஆனால் பெட்ரோல் பங்க்கில் காற்றடிப்பவர் 15 என்று பார்த்தால் என்ன நினைப்பார்? காற்று இறங்கிவிட்டது என்று நினைத்து நான்கு டயருக்கும் ஒரே அளவு ஏற்றிவிடுவார். கையேட்டில் தெளிவாகப் போட்டிருந்தோமே என்று கம்பெனிக்காக வாதாடுபவர்கள் இன்றும் உண்டு. ஒரு குடும்பத்தின் உயிரைக் காற்று அளவுக் கருவியின் முள்ளில் தொங்கவிட்டுவிட்டு, கையேட்டைக் காட்டுவது நியாயமே அல்ல.

எஞ்சினைப் பின்னால் வைத்ததே தவறு என்றால், திருத்தம் என்பது எஞ்சினை முன்னால் கொண்டுவருவதாகத்தான் இருந்திருக்க முடியும். நடந்தது அதுவல்ல. 1964 மாடலில் முன்பக்க ஸ்டெபிலைசர் பாரும், பின்னால் குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங்கும் எல்லா வண்டியிலும் வந்தன. 1965 மாடலில் ஸ்விங் ஆக்சிலே போய்விட்டது. இரண்டு முனையிலும் மூட்டுள்ள தண்டுகளோடு, செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் இருந்ததைப் போன்ற முழுச் சுதந்திர சஸ்பென்ஷன் வந்தது. எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது, வண்டியோ அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் வளைவை மிக அழகாக எடுக்கும் கார்களில் ஒன்றாகிவிட்டது. கார்வேரைத் திட்டிய அந்தப் புத்தகம், ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்', வெளியானது 1965 நவம்பர் இறுதியில். திருத்திய கார் அதற்குள் ஓராண்டாகக் கடைகளில் இருந்தது. அந்த நூலில் கார்வேருக்கு முதல் அத்தியாயம் மட்டும்தான். மற்றவை மொத்தக் கார்த் தொழிலையும் பற்றியவை.

அப்படியானால் கார்வேரைச் சோதித்து வந்த 1972 அரசு அறிக்கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 1963 கார்வேரை ஃபால்கன், வேலியன்ட், ஃபோக்ஸ்வேகன், ரெனோ ஆகியவற்றோடு ஓட்டிச் சோதித்து, கட்டுப்பாடு இழப்பதிலும் கவிழ்வதிலும் அது மற்றவற்றைவிட அசாதாரணமாக மோசமில்லை என்று முடிவு சொன்னது. கார்வேர் பிரியர்கள் இதை விடுதலைத் தீர்ப்பாகவே கொண்டாடுகிறார்கள். அந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிட்ட கார்களில் இரண்டு, அதே வகை ஸ்விங் ஆக்சில் கொண்டவை. பீட்டிலின் எஞ்சினுக்குக் கார்வேரின் பாதி சக்திதான். அதே காலத்துக் கார்களைவிட மோசமில்லை என்பது ஒரு கேள்விக்குப் பதில். மலிவான சாமான் ஒன்று கைவசம் இருந்தும் ஏன் நான்கு வருடம் எல்லா வண்டியிலும் போடவில்லை என்பது வேறு கேள்வி. அதை அந்தச் சோதனை கேட்கவே இல்லை.

புத்தகம்தான் கார்வேரைக் கொன்றது என்பது இன்னொரு நம்பிக்கை. அதில் பாதி உண்மை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நேடரின் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது வெளியே தெரிந்து, 1966 மார்ச்சில் அதன் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். புத்தகம் ஊரெல்லாம் பேச்சாகியது. அதே ஆண்டு செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டமும் கையெழுத்தானது. இன்று கார் ஓட்டும் எல்லோருக்கும் அந்தச் சட்டத்தால் நன்மைதான். ஆனால் 1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங் முதல் பன்னிரண்டு மாதத்திலேயே நான்கு லட்சத்தைத் தாண்டி விற்றிருந்தது. பக்கெட் சீட் போட்ட கார்வேர் மோன்ஸாதான் மலிவான ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆளிருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது. பலனை அறுத்தது மஸ்டாங். அதில் வி-8 எஞ்சின் வைக்கலாம். கார்வேரின் பின்பெட்டியில் அதற்கு இடமே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பதிலாக 1967 மாடலில் முன் எஞ்சின் கமாரோவைக் கொண்டுவந்தபோது கார்வேருக்கு வீட்டிலேயே வேலை இல்லாமல் போயிற்று. 1966இல் சுமார் ஒரு லட்சமாக இருந்த விற்பனை அடுத்த ஆண்டு முப்பதாயிரத்துக்கும் கீழே வந்தது. 1969 மே மாதத்தில் தயாரிப்பு நின்றது. மொத்தம் செய்தது ஏறத்தாழ 18 லட்சம்.

ஆகவே நல்ல நிலையில் ஒரு கார்வேர் விற்பனைக்கு வந்தால் முதலில் மாடல் வருடம் பாருங்கள். 1965 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பழைய பழியைக் காரணம் காட்டி விலை குறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. 1960 முதல் 1963 வரையிலான ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பின் சஸ்பென்ஷன் மாறாமல் இருந்தால், அது இரும்பில் இருக்கும் சாட்சியம். அதை அறுத்து ஒட்டித் திருத்தக் கூடாது. அடிக்கடி ஓட்டப்போகிறவர்கள் போல்ட் போட்டு மாட்டிக் கழற்றக்கூடிய ஸ்டெபிலைசரைப் போட்டுக்கொள்ளட்டும், கழற்றிய பழைய சாமானைப் பத்திரமாக வைக்கட்டும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்க் கசிவைப் பாருங்கள்: புஷ்ராடு குழாய்களின் பழைய ரப்பர் வளையங்கள் சூட்டில் இறுகிக் கசியும், வைட்டான் வளையம் போட்டால் நிற்கும். முன்கண்ணாடியின் அடிவிளிம்பில் துரு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு விற்பவரிடம் டயருக்கு எவ்வளவு காற்று வைக்கிறார் என்று கேளுங்கள். நாலுக்கும் ஒரே அளவுதான் என்று பதில் வந்தால், ஓட்டிப் பார்க்க ஏறுவதற்கு முன்னால் முன்டயர்களின் காற்றைக் குறைக்கச் சொல்லுங்கள்.