மறுப்புக்குப் பின் தொண்ணூறு நாள்



பிழைப்பு நாடி மும்பை, டில்லி, பெங்களூர் முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் கை கால் இழந்தவர்களும், பார்வையோ செவிப்புலனோ குன்றியவர்களும் உளர். அத்தகையோர் அரசாங்க உதவியைப் பெறுவதற்கு முதல் வாயில் மருத்துவச் சான்றிதழாகும். அதைப் பற்றியும், அது மறுக்கப்பட்டால் மேற்கொண்டு செய்ய வேண்டியதைப் பற்றியும் இன்று கூற விரும்புகிறேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. அச்சட்டப்படி அளிக்கப்படும் சான்றிதழ் நாடெங்கும் செல்லும். திருநெல்வேலியில் பெற்றதை, வேற்று மாநிலத்துச் சான்றிதழ் என்று மும்பையில் ஒதுக்க இடமில்லை. மாதாந்தர உதவித்தொகையின் நிலை வேறு. அதை வழங்கும் மாநிலம் வசிப்பிடச் சான்று கேட்கும். இத்தனை ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்று விதிக்கும் மாநிலங்களும் உண்டு. இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டால் வீண் அலைச்சல் குறையும்.

சான்றிதழில் உயிரான பகுதி சதவீதமே. அரசுப் பணியில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டைக் கோர, குறைபாடு 40 சதவீதமேனும் இருத்தல் வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு மத்திய அரசு அளிக்கும் இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியத்துக்கோ 80 சதவீதம் வேண்டும். 18 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். தாளில் இரண்டு மூன்று எண் குறைந்தால், ஒரு குடும்பத்தின் பிழைப்பே மாறிவிடுகிறது.

ஆகவே, விண்ணப்பம் தள்ளப்பட்டால் வாய்ச்சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். மறுப்பின் காரணத்தை எழுத்தில் தருவது மருத்துவ அதிகாரியின் கடமை. கடிதம் அறியாத மொழியில் இருந்தால், தெரிந்தவரைக் கொண்டு அன்றே படித்துக்கொள்ளுங்கள். முடிவு செய்யப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள், மாநில அரசு இதற்கென நியமித்துள்ள அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டது என்று கருதுவோருக்கும் இவ்வழி உண்டு.

மனு நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. நடந்ததைச் சுருக்கமாகக் கூறி, முடிவு ஏன் தவறு என்பதைத் தெளிவாக எழுதினால் போதும். பட்ட துன்பத்தை மட்டும் விரித்துரைப்பதால் பயனில்லை. 'செவிப்புலன் சோதனை அறிக்கையைப் பார்க்கவில்லை', 'இரண்டு குறைபாடுகளில் ஒன்றை மட்டுமே மதிப்பிட்டனர்' என்பன போன்ற காரணங்களே எடுபடும். சான்றிதழ் அல்லது மறுப்புக் கடிதத்தின் நகலை இணைத்து, நேரில் கொடுத்தால் ரசீதும், தபாலில் அனுப்பினால் அதற்கான சீட்டும் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டு அதிகாரி உங்கள் தரப்பைக் கேட்டு, 60 நாட்களுக்குள் காரணங்களுடன் உத்தரவிட வேண்டும்.

மொழியும் சட்டமும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, மாற்றுத் திறனாளிகள் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். அவர்களுக்கு வருமான வரம்பு தடையாகாது. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். அண்டை வீட்டாரில் எவரேனும் மறுப்புக் கடிதத்துடன் சோர்ந்திருந்தால், அதில் உள்ள தேதியை முதலில் பார்த்துச் சொல்லுங்கள். எஞ்சிய நாட்களை எண்ணிக் கொடுப்பதே பேருதவி.