நம் ஆங்கிலத்துள் நிற்கும் தமிழ் வாக்கியம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயமும் சமூகத் தொண்டும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் ஆங்கில இலக்கணத்துக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நம் மன்றத்து மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் கெட்டிக்காரரான பிள்ளைகள் ஒரு நேர்முகப் பரீட்சையில் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு, வாய் திறக்காதவர்கள் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இலக்கணமே தெரியாது" என்று வீட்டிலும் அர்ச்சனை நடக்கிறது. நம்முடைய அபிப்பிராயம் வேறு. அவர்களுக்கு ஓர் இலக்கணம் மிக நன்றாகத் தெரியும். அது தமிழ் இலக்கணம். ஆங்கிலம் எழுதும்போதும் அதுவே உள்ளே நின்று வேலை செய்கிறது.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். "நேற்றுச் சந்தையில் மாம்பழம் விற்ற கிழவியின் மகன்" என்கிறோம். இத்தொடரில் தலையாய சொல் மகன். அது கடைசியில் நிற்கிறது. அவன் யார், எந்தக் கிழவியின் மகன், அவள் என்ன செய்தவள் என்பதெல்லாம் அவனுக்கு முன்னே வரிசையாக வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் இதைச் சொன்னால், "த சன் ஒவ் த ஓல்ட் வுமன் ஹூ சோல்ட் மாங்கோஸ் இன் த மார்க்கற் யெஸ்ற்றடே" என்று வரும். மகன், கிழவி, விற்ற, மாம்பழம், சந்தை, நேற்று. கண்ணாடியில் பார்த்தாற்போல முழு வரிசையும் தலைகீழ்! நமது வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். அவர்களுடைய உருபுச் சொல் பெயருக்கு முன்னே நிற்கும். நமது பெயரெச்சம் பெயருக்கு முன்னே வரும். அவர்களுடையது "ஹூ", "விச்" என்று பெயருக்குப் பின்னே தொடங்கும். நமக்குப் பயனிலை இறுதியில். அவர்களுக்குச் செயப்படுபொருளுக்கு முன்.

அப்படியானால் நம் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாகவா எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். இல்லை, விஷயம் அங்கேதான் சுவையாகிறது. பயனிலையை இடம்மாற்றி வைக்கப் பிள்ளை விரைவில் பழகிவிடுகிறது. நீண்ட பெயர்த்தொடரைத்தான் அது தொடுவதே இல்லை. 1974 ஆம் ஆண்டில் ஷாக்ரர் என்ற அமெரிக்க மொழியியலாளர், பாரசீகர், அராபியர், சீனர், யப்பானியர் ஆகிய நாலு வகுப்பு மாணவர்களின் ஆங்கில வியாசங்களை ஆராய்ந்தார். "ஹூ", "விச்" வரும் வாக்கியங்களில் சீனரும் யப்பானியரும் விட்ட பிழைகள் குறைவு. அவர்களே கெட்டிக்காரர் என்று தோன்றும். எண்ணிப் பார்த்தபோதோ, அவர்கள் அப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதியதே மிகக் குறைவு என்று தெரியவந்தது. அவர்களுடைய பாஷைகளிலும் நம் தமிழைப்போலவே எச்சத்தொடர் பெயருக்கு முன்னே வரும். கடினமானதை அவர்கள் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டார்கள். நம் வகுப்பிலும் இதையே காண்கிறோம். "ஓர் ஆச்சி இருக்கிறா. அவ மாம்பழம் விற்கிறா. அவவுக்கு ஒரு மகன்" என்று ஆங்கிலத்தில் மூன்று துண்டுகள் வருகின்றன. சிவப்பு மைக்கு வேலையில்லை. நல்ல புள்ளியும் கிடைக்கிறது. ஆனால் பதினெட்டு வயது வாலிபனின் சிந்தனை ஆறு வயதுக் குழந்தையின் வாக்கியத்தில் நிற்கிறது. பிழையை மட்டும் எண்ணும் ஆசிரியர்கள் இதைக் காணமாட்டார்கள்.

"ஏ", "த" என்ற சிறு சொற்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒன்று மாத்திரம். தமிழில் அவ்வித அடைசொல் இல்லையென்று பலர் கைவிரிக்கிறார்கள். "புத்தகம் வாங்கினேன்" என்பதற்கும் "புத்தகத்தை வாங்கினேன்" என்பதற்கும் உள்ள வேற்றுமையை எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அறியும். முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது நீரும் நானும் அறிந்த புத்தகம். அஃறிணைப் பெயர் "ஐ" உருபு ஏற்று நிற்கும் இடத்தில் ஆங்கிலத்திலே பெரும்பாலும் "த" வரும். எழுவாய்க்கு இந்த வழி உதவாது. ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல இடம்.

இனி வினையெச்சம். "எழுந்து, முகங்கழுவி, கோயிலுக்குப் போய், கும்பிட்டு வந்து, சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். வினை பல இருந்தும் முற்று ஒன்றுதான். எழுவாயை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "போனேன்" என்ற விகுதி அதைக் காட்டிவிடுகிறது. இந்த அழகை ஆங்கிலத்தில் கொண்டுபோகும் பிள்ளை "அன்ட், அன்ட் தென், அன்ட் தென்" என்று கோத்துக்கொண்டே போகிறது. எந்த வினை முக்கியம், எது துணை என்பது மறைந்துவிடுகிறது. தமிழில் முற்றைப் பார்த்தவுடனேயே பாரம் எங்கே என்று தெரியும். ஆங்கிலத்தில் அந்தப் பாரத்தை வேறு கருவிகளால் காட்டவேண்டும்: "ஆஃப்ரர்", "வைல்" முதலிய இணைப்புச் சொற்களால், அல்லது துணிந்து ஒரு முற்றுப்புள்ளி வைப்பதால். தமிழ் உரைநடையில் ஆங்கில முறைக் குறியீடுகளை இட்டுப் பரப்பியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவர், இரு பாஷைகளின் நடையையும் கற்று, வேண்டியதை வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொண்டார்.

எழுத்தைவிடப் பேச்சிலேதான் ஆபத்து அதிகம். "நாளைக்கு வாங்கோ" என்னும்போது நமது மரியாதை முழுவதும் "ங்கோ" என்ற விகுதியில் இருக்கிறது. ஆங்கில வினைக்கு அந்த விகுதி இல்லை. "யூ கம் ருமாறோ, சேர்" என்று பயபக்தியோடு சொல்லும் வாலிபன் கட்டளையிடுபவனாகத் தோன்றுகிறான். "குட் யூ", "வுட் யூ" என்று வினாவாக்கும்போதுதான் அங்கே மரியாதை பிறக்கும். "தான்" என்பதற்குப் பதில் "ஒன்லி" போடுவதும், "தானே" என்பதற்குப் பதில் "நோ" என்று முடிப்பதும் இலங்கை ஆங்கிலத்தில் ஊறிப்போனவை. அவற்றால் எவருக்கும் கெடுதியில்லை. அவற்றுக்காகப் பிள்ளைகளைச் சிரிப்பவர்களைக் கண்டால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

கெடுதி செய்பவை வேறு இரண்டு. "மனேஜர் நான் நாளைக்கு வரமாட்டேன் என்று சொன்னார்" என்கிறோம். "என்று" என்ற ஒரு சொல், அதற்கு முன் நின்ற பேச்சு மனேஜருடையது என்று காவல் செய்கிறது. இதை அப்படியே "மனேஜர் செட் ஐ வில் நொட் கம் ருமாறோ" என்றால், வராதவன் செய்தி கொண்டுவந்த பையன் என்றே கேட்பவர் கொள்வார். எழுத்திலே மேற்கோட்குறி காப்பாற்றும். ரெலிபோனில் யார் காப்பாற்றுவது? "ஐ" என்பது "ஹீ" ஆகவேண்டும்; "வில்" என்பது "வுட்" ஆகவேண்டும்.

மற்றது "ஓம்". "உமக்குக் கணக்குவேலை அனுபவம் இல்லையோ?" என்று கேட்டால் "ஓம், இல்லை" என்பது நம் வழக்கு. கேட்டவர் சொன்னது சரி என்று முதலில் ஒப்புகிறோம். ஆங்கிலத்தில் "யெஸ்" என்றால், கேள்வி எதிர்மறையாக இருந்தபோதும், அனுபவம் உண்டு என்றே பொருள். உண்மை பேசிய பிள்ளை பொய்யனாகிறான். அடுத்த கேள்வியில் அனுபவம் இல்லையென்பது வெளிப்பட்டவுடன், திறமையை மட்டுமல்ல, நாணயத்தையும் சந்தேகிக்கிறார்கள். இந்த ஒரு சொல்லுக்காக ஒரு மாதம் பயிற்சி கொடுத்தாலும் தகும்.

கடைசியாகக் கடிதமும் வியாசமும். 1966 இல் கப்ளன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஒவ்வொரு சமூகத்தாருடைய எழுத்தும் ஒவ்வொரு வழியில் செல்லும் என்று கோடு கீறிக் காட்டினார். ஆங்கிலேயர் நேர்கோடு, கீழைத்தேயத்தவர் சுற்றிவரும் கோடு என்ற விதமாக. அது பெரும் புகழ் பெற்றது. பின்பு 1987 இல் தாம் அளவுக்குமீறிச் சொல்லிவிட்டதாக அவரே எழுதினார். பயனிலை கடைசியில் வருவதால்தான் தமிழனுடைய கடிதத்திலும் காரியம் கடைசியில் வருகிறது என்று சொல்வாரும் உண்டு. கேட்க இனிமைதான், நிரூபணம் எங்கே? "யுவர் ஒபீடியன்ற் சேர்வன்ற்" என்று கும்பிட்டு முடிக்கும் முறையை நம் பாட்டன்மார் கற்றது ஆங்கிலேயருடைய கந்தோர்களில் அல்லவா? அவர்கள் அதைக் கைவிட்டபின்னும் நாம் காத்துவருகிறோம்.

எனினும் வித்தியாசம் இருப்பது உண்மை. நலம் விசாரித்து, குடும்ப நிலை கூறி, தகப்பனார் இளைப்பாறியதையும் தங்கைமார் படிப்பதையும் எழுதி, அதன்பின் உத்தியோகம் கேட்பது நமக்குப் பண்பு. எடுத்தவுடன் கேட்பது நமக்குக் கூச்சம். வேலைதரும் கந்தோரில் முதல் நாலு வரியைப் படிப்பவருக்கோ, இன்ன பதவிக்கு இன்ன தகுதியுடன் விண்ணப்பிக்கிறேன் என்பது அந்த நாலு வரியில் இருக்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முன்னர் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 2006 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஒரே ஈழத்து அறிஞர் தமிழ் வாசகருக்கும், உள்ளூர் ஆங்கில வாசகருக்கும், பிறநாட்டுச் சஞ்சிகைக்கும் எழுதியவற்றை ஒப்பிட்டார். ஒருவரே மூன்று இடத்துக்கும் மூன்று விதமாகத் தொடங்குகிறார். பிறப்பால் வந்த கோடு ஒன்று அவரைக் கட்டிப்போடவில்லை. வாசகர் யாரென்று பார்த்துப் பாதையைத் தெரிந்துகொண்டார். நம் பிள்ளைகளுக்கும் இது முடியும். அதற்காக அவர்கள் அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் நலம் விசாரியாமல் காசு கேட்கப் பழகவேண்டும் என்பதில்லை.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால் ஒவ்வொரு சொல்லிலும் இடைமறிக்காதீர்கள். பேசி முடிந்தபின், "இதைத் தமிழில் எப்படிச் சொல்லுவாய்?" என்று கேளுங்கள். பிழை எங்கிருந்து வந்ததென்பது பெரும்பாலும் அந்த விடையிலேயே தெரிந்துவிடும். வாலிபர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஆளுக்கொரு நீண்ட தமிழ்ப் பெயர்த்தொடர் எழுதிக்கொண்டு வாருங்கள். கிழவியும் மாம்பழமும் வேண்டாம், அது தீர்ந்துபோயிற்று. வாலிலிருந்து தலைவரை அதை ஆங்கிலமாக்கிப் பார்ப்போம். பழைய விண்ணப்பக் கடிதம் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டுவாருங்கள். பெயரை மறைத்துவிட்டு எல்லோருமாக முதல் நாலு வரியை மாற்றி எழுதலாம்.