வெளியே நிற்கும் பிள்ளை யார்?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பாடசாலைகளை நடத்தும் உரிமை அரசாங்கத்துக்கே உரியது என்பார் ஒரு சாரார். சமயத்தாருக்கும் பெற்றோருக்குமே உரியது என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல முன்னர் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்த ஒழுங்குவிதி வந்தாலும், எந்த முகாமையாளர் வந்தாலும், அவரால் வெளியே நிறுத்தப்படும் பிள்ளை யார்? இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு நமது நாட்டின் கல்வி வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். அப்பொழுது மிஷன் பாடசாலைகள் ஊரெங்கும் வேரூன்றியிருந்தன. 1869இல் அரசாங்கம் கல்விக்கெனத் தனிப் பகுதியொன்றை ஏற்படுத்தி, தனியார் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கலாயிற்று. பின்னர், ஏற்கெனவே உள்ள பாடசாலைக்குக் கால் மைல் தூரத்துக்குள் எழும் புதிய பாடசாலைக்கு நன்கொடை இல்லையென்று விதி வகுத்தது. பார்வைக்கு இது எல்லோருக்கும் பொதுவான விதியே. ஆனால் முந்தி வந்தவர் மிஷனரிமார். பிந்தித் தொடங்கியவர் சைவரும் பௌத்தரும். ஆதலின், தன் சமயச் சூழலிற் படிக்க விரும்பிய பிள்ளையே வெளியே நின்றது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1923இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கமும் தோன்றியமை இக்குறையைத் தீர்ப்பதற்கேயாம். ஊரார் காணி கொடுத்தனர், பணமும் கொடுத்தனர். அச்சங்கம் காலப்போக்கில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியது.

இது நமது பெருமை. ஆயினும் பெருமையை மட்டும் பேசி அமைவது நீதியாகாது. 1930ஆம் ஆண்டளவில், நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமாசனம் கொடுக்கவேண்டுமென்று அரசாங்கம் பணித்தபொழுது, அதனை எதிர்த்தவர் வேற்றவர் அல்லர், நம்மவரே. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. நிலத்திலே இருத்தப்பட்ட பிள்ளையும், வாசலோடு திருப்பப்பட்ட பிள்ளையும் சைவப் பிள்ளைகளே. அக்காலத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸைச் சேர்ந்த இளைஞர்கள் பெரியோரின் கோபத்துக்கு அஞ்சாது தீண்டாமையைக் கண்டித்தனர். அரசாங்கத்தின் கட்டளை இல்லாமல் அக்கதவுகள் தாமாகத் திறந்திருக்கும் என்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்ல நம்மால் இயலுமா?

1945இல், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் தேதி, நன்கொடை பெற்ற பாடசாலைகளின் நிருவாகம் அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் ஆதனங்களையும் அரசாங்கத்துக்கு உரியதாக்க வழிசெய்தது. 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதையும் தடுத்தது. நன்கொடை வேண்டாமென்று தனித்து நின்ற கல்லூரிகள் சில. அவையும் அன்று கட்டணம் அறவிடலாகாது. கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கியிருந்து எதிர்ப்புக் காட்டினர்.

இம்மாற்றத்தால் வந்த நன்மையை மறைத்தலாகாது. ஆசிரியரின் நியமனமும் இடமாற்றமும் முகாமையாளரின் விருப்பு வெறுப்புக்குக் கட்டுப்பட்டிருந்த நிலை நீங்கிற்று. சமயத்தையும் சாதியையும் காட்டிப் பிள்ளையைத் தடுப்பது அரிதாயிற்று. நட்டமும் உண்டு. "இது எங்கள் பள்ளிக்கூடம்" என்று கூரை வேய்ந்த ஊரார், "இது அரசாங்கத்தின் பள்ளிக்கூடம்" என்று ஒதுங்கத் தலைப்பட்டனர். சட்டம் நிருவாகத்தைத்தான் எடுத்தது. அக்கறையை நாமாகவே கைவிட்டோம்.

இன்றைய நிலையைப் பாருங்கள். 1977க்குப் பின் பெருகிய சர்வதேசப் பாடசாலைகள் பல, கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றுக் கட்டணம் வாங்கி நடக்கின்றன. பாடசாலை விட்டதும் பிள்ளைகள் ரியூசன் கொட்டில்களை நோக்கி ஓடுகின்றனர். பாடசாலையிலே கல்வி இலவசம். பரீட்சைக்கு வேண்டிய படிப்போ விலைக்கு. கால் மைல் விதியும் இல்லை, சாதித் தடையும் சட்டத்தில் இல்லை. ஆயினும் காசில்லாத பிள்ளை வெளியே நிற்கின்றது.

ஆகவே, தனியார் கல்வியை முற்றாக ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாடின்றி விடவேண்டும் என்றும் சொல்லவில்லை. கல்வி கற்பிப்போர் எவராயினும், ஆசிரியரின் தகுதிக்கும், கட்டிடத்தின் பாதுகாப்புக்கும், கணக்கின் நேர்மைக்கும் அரசாங்கத்துக்குப் பதில் சொல்லவேண்டும். அரசாங்கமும் தன் பாடசாலைகளின் குறைக்கு ஊராருக்குப் பதில் சொல்லவேண்டும். அதைக் கேட்பதற்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கின்றது. பெரியோர்களே, அதன் கூட்டங்களுக்குச் செல்லுங்கள். இளைஞர்களே, பொழுதுபட்டபின் நமது சங்க மண்டபத்தின் கதவு பூட்டியே கிடக்கின்றது. கிழமையில் இரண்டு நாளாவது அதைத் திறந்து, ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுங்கள். வருகிறவன் எந்தக் குறிச்சியான், எந்தச் சமயத்தான் என்று கேளாதீர்கள். இதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.