முதுமையும் விற்றமின் குளிசைகளும்



வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பெற்றோருக்கு விற்றமின் குளிசைப் போத்தல்களைக் கொணர்வது இன்று வழக்கமாகிவிட்டது. அவ்வன்பை மெச்சுகிறேன். ஆனால், அக்குளிசைகள் நோயைத் தடுக்குமா?

1992ஆம் ஆண்டில் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழ், கனடாவில் 96 முதியோரிடம் செய்யப்பெற்றதாக ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. விற்றமின்களும் தாதுப்பொருள்களும் உண்டோரைத் தொற்றுநோய் குறைவாகவே பீடித்தது என்றது அது. பலர் நம்பினர். நம்பத்தகாததென்று 2016இல் அவ்விதழே அக்கட்டுரையை மீளப்பெற்றது. இடையிற் கழிந்தவை 24 ஆண்டுகள்!

ஆயினும், முதியோரின் சத்துக் குறைபாடு பொய்யன்று. இரைப்பையில் அமிலம் குறைய, உணவிலுள்ள பி12 உடலிற் சேர்வதும் குறையும். தாவர உணவில் அது இல்லை. பாலையும் கைவிட்ட சைவ உணவினர் இதனைக் கவனித்தல் வேண்டும். வெயில் படாது வீட்டினுள் இருப்போருக்கு விற்றமின் டி குறையும். இரத்தப் பரிசோதனையால் இவற்றை அறிந்து, வைத்தியர் சொற்படி குளிசை உண்ணல் தகும். தாமாகவே உண்ணல் தகாது. நாகச்சத்தை நெடுநாள் மிகையாக உண்டால், உடலிற் செம்பு குறைந்து நோயெதிர்ப்பே தளர்ந்துவிடும்.

இளைஞர்களே, போத்தலை நீட்டுமுன் அம்மாவின் சோற்றுக் கோப்பையைப் பாருங்கள். தனியே இருந்து தேநீரும் பாணுமாகப் பொழுது கழிக்கும் தாய்க்குக் குளிசை ஈடாகாது. முருங்கையிலையும் பயறும் சமைத்துக் கொடுத்து, அருகிருந்து உண்ணுங்கள்.