ஊர் திரும்பமுன் வெளிச்சத்தைப் பற்றி
(வெள்ளவத்தையில் மீள்குடியேறும் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சுவிச்சைத் தட்டினால் வெளிச்சம் வரும். ஊரில் முதல் இரவு பலருக்குக் குப்பி விளக்குத்தான். "ஓடுகிற தண்ணீரில் கரண்ட் எடுக்கலாமாமே" என்று கேட்கிறீர்கள். எடுக்கலாம். ஆனால் எல்லா ஊரிலும் முடியாது.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலத்திலேயே ஓடைத் தண்ணீரால் தொழிற்சாலைகளை ஓட்டினார்கள். பின்னர் இரத்தினபுரி, கேகாலை மாவட்டக் கிராமங்களில் ஐ.ரி.டி.ஜி. போன்ற நிறுவனங்களின் உதவியுடன் சிறு நீர்மின் நிலையங்கள் எழுந்தன. 1997 முதல் 2002 வரை நடந்த உலக வங்கித் திட்டத்தால் கடனும் கிடைத்தது. ஊரவர்களே மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, வாய்க்கால் வெட்டி, கம்பம் நட்டு, மாதச் சந்தா கட்டினார்கள்.

கணக்கு இலகுவானது. ஒரு செக்கனுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் வருகிறது, எத்தனை மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கி, மீண்டும் ஐந்தால் பெருக்குங்கள். ஏறக்குறைய அத்தனை வாற்று கிடைக்கும். 10 லீற்றர் தண்ணீர் 20 மீற்றர் விழுந்தால் 1,000 வாற்று. வீட்டுக்கு 100 வாற்றாகப் பத்து வீடுகளுக்குப் போதும். மின்குமிழும் ரேடியோவும் சிறிய ரி.வி.யும் ஓடும், அயன் பெட்டி ஓடாது. தண்ணீரை மாரியில் அளக்காதீர்கள்; கடும் வரட்சியில் அளவுங்கள்.

இனி வன்னியைப் பாருங்கள். குளத்துத் துருசில் 10 லீற்றர் தண்ணீர் 2 மீற்றர் விழுந்தால் வெறும் 100 வாற்று. ஒரு வீட்டுக்குத்தான் காணும். பெருமளவு தண்ணீர் திறப்பதும் வயலுக்காக, வயலுக்குத் தேவையான மாதங்களில் மட்டுமே. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஆகவே சமதரை ஊர்களுக்குப் போகிறவர்கள், தண்ணீரில் கரண்ட் எடுத்துத் தருவதாக எவர் சொன்னாலும் மீள்குடியேற்றப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு ஏற்றது சூரியத் தகடும் பற்றரியும், அல்லது மின்சார சபையின் இணைப்பு.

இன்னொன்று. மலைநாட்டில் மின்சார சபையின் கம்பி வந்ததும் பல கிராம நிலையங்கள் கைவிடப்பட்டன. ஆகவே எதை வாங்கமுன்னும், உங்கள் பகுதிக்குக் கம்பி எப்போது வரும் என்று மின்சார சபை அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். சில மாதங்களில் வருமென்றால், கையிலுள்ள காசைக் கூரைக்கும் கிணற்றுக்கும் செலவழியுங்கள். வராதென்றால் பத்து வீட்டார் சேர்ந்து சங்கம் அமையுங்கள். சந்தாவில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று ஒதுக்குங்கள். ஊர்ப் பிள்ளைகள் இருவருக்காவது திருத்தும் வேலையைப் பழக்குங்கள். பற்றரி பழுதாகும் நாளில் வெளியாளைத் தேடி அலைய வேண்டியிராது.

பிள்ளைகள் இரவில் படிக்க ஒரு வீட்டுக்கு இரண்டு மின்குமிழ் போதும். அதிலிருந்து தொடங்குங்கள்.